வளர்ப்பு விளக்கு: வீட்டுச் செடிக்கு எவ்வளவு ஒளி வேண்டும்?

வீட்டுக்குள் வளரும் செடிகளுக்குச் செயற்கை ஒளி கொடுப்பதைப் பற்றி இப்போது பலரும் பேசுகிறார்கள். ஆனால் அந்தப் பேச்சில் பாதி ஒன்றுக்கொன்று முரணாக இருக்கிறது. ஊதா நிற விளக்கில்தான் செடி வளரும் என்கிறார் ஒருவர். சாதாரண வெள்ளை எல்.இ.டி. பல்பே போதும் என்கிறார் இன்னொருவர். அறைதான் பளிச்சென்று இருக்கிறதே, இதற்கு மேல் செடிக்கென்று தனியாக ஒரு விளக்கு எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. இந்தக் குழப்பத்துக்கு நடுவே ஒரு விளக்கை வாங்கி மாட்டியவர், சில மாதங்களில் செடி தேறாததைக் கண்டு, விளக்கே ஏமாற்று என்றோ தமக்குக் கைராசி இல்லை என்றோ முடிவு கட்டிவிடுகிறார். பெரும்பாலும் இரண்டுமே உண்மையல்ல. விளக்கு மிகத் தொலைவில் இருந்திருக்கும், அல்லது போதிய நேரம் எரிந்திருக்காது.

விளக்கின் நிறம், வாட், பெட்டியின் மேல் அச்சிட்ட பெருமைகள் ஆகிய எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஒரு நாளில் இலையின் மேல் மொத்தமாக எவ்வளவு ஒளி வந்து விழுகிறது? இந்தக் கேள்விக்கு விடை காணத் தேவையான அடிப்படைகளை, அறிவியல் பின்புலம் இல்லாதவர்களும் புரிந்துகொள்ளும் வகையில் இக்கட்டுரை விளக்குகிறது.

செடி ஒளியைக் கொண்டு என்ன செய்கிறது

ஒளிச்சேர்க்கையைப் பற்றிப் பள்ளியில் எல்லோரும் படித்திருக்கிறோம். இலையில் உள்ள பச்சையம் என்ற நிறமி ஒளியை உறிஞ்சுகிறது. அந்த ஆற்றலைக் கொண்டு செடி, காற்றிலிருந்து எடுத்த கரியமில வாயுவையும் வேர் உறிஞ்சிய நீரையும் சேர்த்துச் சர்க்கரையை உருவாக்குகிறது. தண்டு, இலை, வேர், பூ அனைத்தும் அந்தச் சர்க்கரையை மூலப்பொருளாகக் கொண்டே உருவாகின்றன.

பாடத்தின் மறுபாதியைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். செடியும் சுவாசிக்கிறது. பகலில் மட்டுமன்றி இரவிலும், இருபத்துநான்கு மணி நேரமும், தான் உருவாக்கிய சர்க்கரையில் ஒரு பகுதியை எரித்தே அது உயிர் வாழ்கிறது. எனவே ஒளி இருந்தால் மட்டும் போதாது; உருவாகும் சர்க்கரை, எரியும் சர்க்கரையைவிட அதிகமாக இருக்கும் அளவுக்கு ஒளி இருக்க வேண்டும். இரண்டும் சமமாக இருக்கும் ஒளி அளவை ஒளி ஈடுசெய் புள்ளி என்பார்கள். அந்தப் புள்ளிக்குக் கீழே செடி வளர்வதில்லை; தண்டிலும் வேரிலும் முன்பே சேமித்து வைத்ததைக் கரைத்து உண்டு நாளைக் கடத்துகிறது.

இருண்ட மூலையிலும் வளரும் என்று பெயர் பெற்ற செடிகளின் இரகசியம் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. பாம்புச்செடிக்கும் ஸீஸீ செடிக்கும் ஈடுசெய் புள்ளி குறைவு, சேமிப்போ அதிகம். ஆகவே ஒளியே எட்டாத மூலையில் வைத்தாலும் அவை மாதக்கணக்கில் பச்சையாகவே நிற்கின்றன. பார்ப்பவருக்கு அது நலமாக இருப்பதாகத் தோன்றும். ஆனால் அந்த மாதங்களில் அது ஒரு புதிய இலையாவது விட்டதா என்று கேட்டால், பல வீடுகளில் இல்லை என்பதே விடையாக இருக்கும்.

உரத்தைப் பற்றிய தவறான எண்ணமும் இங்கிருந்தே தொடங்குகிறது. இலை வெளுத்தால் உடனே உரம் போடுகிறோம். உரம் தருவது நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் போன்ற தாதுக்களை மட்டுமே. ஆற்றலை அது தருவதில்லை. ஒளி குறைந்த இடத்தில் நிற்கும் செடி அந்தத் தாதுக்களைப் பயன்படுத்த வழியின்றி இருப்பதால், அவை மண்ணில் உப்பாகத் தேங்கி, வேரையும் இலை நுனியையும் கருக்குகின்றன. நீருக்கும் இதே நிலைதான். ஒளி குறைந்தால் செடி குடிக்கும் நீரும் குறையும். மண் காயாமல் ஈரமாகவே கிடக்கும். காற்றில்லாமல் வேர் அழுகும். அதிகமாக நீர் ஊற்றியதால் செத்துப்போனதாகச் சொல்லப்படும் வீட்டுச் செடிகளில் பலவற்றுக்கு, நல்ல ஒளி கிடைத்திருந்தால் அதே அளவு நீர் சரியாகவே இருந்திருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

சுருக்கமாக: ஒளிதான் செடி தன் உணவை உருவாக்கும் ஆற்றல். குறிப்பிட்ட ஓர் அளவுக்குக் கீழே போனால் செடி வளர்வதை நிறுத்திச் சேமிப்பைக் கரைக்கத் தொடங்குகிறது. உரமோ நீரோ அதற்கு ஈடாகாது.

நம் கண்ணை ஏன் நம்பக்கூடாது

அறை வெளிச்சமாக இருக்கிறது என்று நம் கண் சொல்வது உண்மைதான். ஆனால் அது நமக்கான வெளிச்சம். மனிதக் கண் மிகப் பரந்த ஒளி வேறுபாடுகளுக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் திறன் உடையது. வெயிலில் பாவை சுருங்கும், நிழலில் விரியும். விழித்திரையும் தன் உணர்திறனைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். அதனால் வெளியே நிற்கும்போதும் உள்ளே வந்த பிறகும் நாம் ஓரளவு தெளிவாகவே பார்க்கிறோம். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதைக் கண் நம்மிடம் சொல்வதில்லை.

கருவி சொல்லும். மனிதக் கண்ணுக்குத் தோன்றும் வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். தெளிந்த வானத்தில் உச்சி வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். மேகம் மூடிய பகலிலும் வெளியே 10,000 லக்ஸ் அளவுக்கு இருக்கக்கூடும். நன்றாக விளக்கிட்ட அலுவலக மேசையில் இருப்பது 300 முதல் 500 லக்ஸ். மாலையில் வீட்டு அறையின் மூலையில் 100 லக்ஸ்கூட இல்லாமல் போகலாம். அதாவது நாம் வசதியாகப் படிக்கும் இடத்தில் இருக்கும் ஒளி, வெட்டவெளியில் நிற்கும் செடி நண்பகலில் பெறுவதில் இருநூறில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு.

சன்னலோரமும் நாம் நினைப்பது போல் இல்லை. சன்னலுக்கு மிக அருகில் உள்ள ஒளி, இரண்டு மூன்று மீட்டர் உள்ளே வந்ததும் மிகச் சிறு பங்காகக் குறைந்துவிடுகிறது. செடி நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் வானம் எவ்வளவு தெரிகிறதோ ஏறக்குறைய அவ்வளவுதான் அதற்குக் கிடைக்கும். இலையின் உயரத்துக்குக் குனிந்து, அங்கிருந்து சன்னலைப் பாருங்கள். வானமே தெரியாமல் எதிர்ச்சுவர் மட்டும் தெரிந்தால், அந்த இடம் செடிக்கு இருட்டு.

ஒளியை மழையைப் போல் அளப்பது

ஒளி தொடர்ந்து பாயும் ஒரு பொருளாக நமக்குத் தோன்றினாலும், அது நுண்ணிய ஆற்றல் துணுக்குகளாகவே வருகிறது. அத்தகைய ஒரு துணுக்கின் பெயர் ஃபோட்டான். இலையின் மேல் ஃபோட்டான்கள் விழுவதை, முற்றத்தில் வைத்த பாத்திரத்தில் மழைத்துளிகள் விழுவதாகக் கற்பனை செய்துகொண்டால், தாவர ஒளி குறித்த முக்கியமான இரண்டு அளவுகளும் எளிதில் விளங்கிவிடும்.

மழையைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்கலாம். இந்த நொடியில் எவ்வளவு வலுவாகப் பெய்கிறது என்பது முதலாவது. நாள் முடிவில் பாத்திரத்தில் மொத்தம் எவ்வளவு சேர்ந்தது என்பது இரண்டாவது. ஒளியிலும் இப்படித்தான். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு நொடியில் விழும், ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஃபோட்டான்களின் எண்ணிக்கையைப் பி.பி.எஃப்.டி. என்கிறார்கள். அந்த எண்ணிக்கை மிகப் பெரியது என்பதால் மைக்ரோமோல் என்ற அலகால் அளக்கிறார்கள். ஒரு மைக்ரோமோல் என்பது ஏறத்தாழ 6க்குப் பின் 17 சுழியங்கள் போட்ட எண்ணிக்கை. உச்சி வெயிலின் பி.பி.எஃப்.டி. ஏறத்தாழ 2,000 மைக்ரோமோல். ஒரு நாள் முழுவதும் அதே சதுர மீட்டரில் சேர்ந்த மொத்தத்தை டி.எல்.ஐ. என்கிறார்கள், தினசரி ஒளித்தொகை என்று நாம் சொல்லலாம். இதற்கு அலகு மோல், அதாவது பத்து இலட்சம் மைக்ரோமோல்.

ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கணக்கிடுவது எளிது. பி.பி.எஃப்.டி.யை விளக்கு எரியும் மணிகளால் பெருக்கி, கிடைத்ததை 0.0036ஆல் பெருக்கினால் தினசரி ஒளித்தொகை வரும். ஒரு மணி நேரத்தில் 3,600 நொடிகள் இருப்பதால் வந்த எண் அது. இலையின் மேல் 100 மைக்ரோமோல் விழுந்து, விளக்கு 12 மணி நேரம் எரிந்தால், அன்றைய தொகை 4.3 மோல். இதை அலுவலக மேசையோடு ஒப்பிடுங்கள். அங்குள்ள 300 லக்ஸ் வெள்ளை எல்.இ.டி. ஒளி ஏறத்தாழ 4 மைக்ரோமோல்தான். 10 மணி நேரம் எரிந்தாலும் சேர்வது 0.15 மோல். நிழலைத் தாங்கும் செடிகள் ஓரளவு வளர்வதற்கே 2 மோலாவது வேண்டும் என்னும்போது, அந்த மேசைச் செடி ஏன் இலை விடவில்லை என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

தூறல் நாள் முழுவதும் பெய்தால் பாத்திரம் நிரம்பும் என்பதைப் போல, மிதமான விளக்கும் நீண்ட நேரம் எரிந்தால் செடிக்குப் போதிய ஒளி சேர்ந்துவிடும். வீட்டு விளக்குகள் சூரியனோடு போட்டி போட முடியாவிட்டாலும் செடியைக் காப்பாற்ற முடிவது இதனால்தான். ஆனால் மேகவெடிப்பாய் ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் கொட்டினால் மண் அதை உறிஞ்சாது, வழிந்தோடிவிடும், இலையும் அப்படித்தான். ஒவ்வோர் இலைக்கும் ஒரு நொடியில் கையாளக்கூடிய உச்ச அளவு ஒன்று உண்டு. அதற்கு மேல் விழுவது வீணாவதோடு, தொடர்ந்தால் இலையின் ஒளிச்சேர்க்கை அமைப்பையே சேதப்படுத்தவும் செய்யும். நிழல் செடிகளுக்கு இந்த உச்சம் மிகத் தாழ்வு.

சுருக்கமாக: பி.பி.எஃப்.டி. என்பது இந்த நொடியின் பொழிவு. தினசரி ஒளித்தொகை என்பது நாளின் மொத்தம். செடியின் வளர்ச்சியைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மொத்தம்.

நிறத்தைப் பற்றிய கட்டுக்கதையும் உண்மையும்

ஒளியின் நிறத்தை அதன் அலைநீளம் தீர்மானிக்கிறது. அதை அளக்கும் அலகு நானோமீட்டர். நீலம் 450 நானோமீட்டரை ஒட்டியும், பச்சை 530ஐ ஒட்டியும், சிவப்பு 660ஐ ஒட்டியும் இருக்கும். 400 முதல் 700 வரையிலான பகுதியைத்தான் ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளி என்று கணக்கில் எடுக்கிறார்கள்.

செடிக்குச் சிவப்பும் நீலமும் மட்டுமே பயன்படும், பச்சை ஒளி எதிரொளித்துப் போய்விடும் என்ற கூற்றுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஜெர்மானிய அறிவியலாளர் தியோடர் எங்கெல்மன் 1880களில், முப்பட்டகத்தால் பிரித்த ஒளியை நுண்ணோக்கியின் கீழ் ஓர் இழைப்பாசியின் மேல் விழச் செய்து, ஆக்சிஜனை நாடிச் செல்லும் பாக்டீரியாக்களை அதே நீரில் விட்டார். ஒளிச்சேர்க்கையில் ஆக்சிஜன் வெளிவரும் என்பதால், அது நன்றாக நடக்கும் இடத்தை அவை காட்டிக்கொடுக்கும். சிவப்பும் நீலமும் விழுந்த இடங்களில் அவை மொய்த்துக் கூடின. பச்சை விழுந்த இடத்தில் குறைவாகவே இருந்தன. பச்சையத்தைத் தனியே பிரித்தெடுத்து ஒரு கரைசலில் சோதித்தாலும் இதே போன்ற முடிவுதான் கிடைக்கும்.

ஆனால் முழு இலை என்பது ஒற்றை இழைப்பாசியும் அல்ல, கரைசலும் அல்ல. அது பல அடுக்குச் செல்களால் ஆனது. சிவப்பையும் நீலத்தையும் மேலடுக்குகளே பெரும்பாலும் உறிஞ்சிவிடுகின்றன; பச்சை ஒளி உள்ளே ஊடுருவி, செல்களுக்கிடையே சிதறி அலைந்து, ஆழத்தில் உள்ள பச்சையத்தால் உறிஞ்சப்படுகிறது. ஒரு சாதாரண இலை தன்மேல் விழும் பச்சை ஒளியில் பெரும்பகுதியை உறிஞ்சவே செய்கிறது. தப்பி வரும் சிறு பகுதிதான் அதை நமக்குப் பச்சையாகக் காட்டுகிறது. தாவர அறிவியலாளர் கீத் மெக்ரீ 1972இல் 22 வகைப் பயிர்களின் இலைகளை ஒவ்வோர் அலைநீளமாக அளந்து வெளியிட்ட முடிவுகள், பச்சை ஒளியும் ஒளிச்சேர்க்கையைக் கணிசமாக நடத்துகிறது என்பதை ஐயமின்றிக் காட்டின.

அப்படியானால் ஊதா விளக்குகள் எங்கிருந்து வந்தன? சிவப்பு எல்.இ.டி. குறைந்த மின்சாரத்தில் அதிக ஃபோட்டான்களைத் தரக்கூடியது. அதோடு கொஞ்சம் நீலம் சேர்த்தால் செடி ஒழுங்காக வளரும். எனவே மின்சாரத்தைச் சேமிக்கும் நோக்கில் இந்தக் கலவை பரவியது. கண்ணுக்கு அது ஊதாவாகத் தெரிகிறது. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் நாசா 2014இல் நிறுவிய 'வெஜ்ஜி' என்ற சிறு தோட்டத்திலும் சிவப்பு, நீல எல்.இ.டி.களோடு பச்சையும் உண்டு. வீட்டில் இந்த ஊதா ஒளியால் ஒரு நடைமுறைத் தொல்லை இருக்கிறது: அதன் கீழ் இலை கருமையாகத் தெரிவதால், வெளுப்போ புள்ளியோ பூச்சியோ தோன்றினால் கண்ணில் படாது. செடியைக் கவனித்து வளர்ப்பவர்களுக்கு இது சிறிய குறையல்ல. வீட்டுக்கு வெள்ளை விளக்கையே நான் பரிந்துரைப்பேன்.

இன்றைய வெள்ளை எல்.இ.டி. உள்ளே ஒரு நீல எல்.இ.டி.தான். அதன்மேல் பூசிய ஒளிர்பொருள் நீல ஒளியில் ஒரு பகுதியைப் பச்சை, மஞ்சள், சிவப்பாக மாற்றிவிடுவதால் மொத்தமும் வெண்மையாகத் தெரிகிறது. ஆகவே அதில் செடிக்கு வேண்டிய எல்லா நிறங்களும் இருக்கின்றன. பெட்டியில் 'ஃபுல் ஸ்பெக்ட்ரம்' என்று எழுதியிருப்பதற்குப் பெரும்பாலும் இதற்கு மேல் பொருள் இல்லை. நிறத்துக்கு வேறு வேலைகளும் உண்டு: நீலம் செடியைக் குட்டையாகவும் கட்டுக்கோப்பாகவும் வைத்திருக்கும், 700 நானோமீட்டருக்குச் சற்று மேலே உள்ள தொலைசிவப்பு, வேறு செடியின் நிழலில் இருப்பதாக உணரச் செய்து தண்டை நீட்டும். வெள்ளை விளக்கில் நீலம் போதிய அளவு இருப்பதால், தொடங்குபவர் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

தொலைவுதான் பலரை ஏமாற்றுகிறது

நல்ல விளக்கை வாங்கியும் பயன் கிடைக்காமல் போவதற்கு முதல் காரணம் தொலைவு. ஒரு பல்பிலிருந்து புறப்படும் ஒளி போகப்போக அகன்று பரவுகிறது. தொலைவு இரு மடங்கானால் அதே ஒளி நான்கு மடங்கு பரப்பில் விரிகிறது. எனவே ஓர் இலைக்குக் கிடைப்பது நான்கில் ஒரு பங்காகிவிடும். தொலைவு மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. இதற்குத் தலைகீழ் இருமடி விதி என்று பெயர். செடியிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் 100 மைக்ரோமோல் தரும் பல்பு, 60 சென்டிமீட்டரில் 25 தரும். 90 சென்டிமீட்டரில் 11 தரும். கூரையில் மாட்டிய விளக்கு, எத்தனை பிரகாசமாகத் தெரிந்தாலும், கீழே இருக்கும் தொட்டிக்கு ஏன் உதவுவதில்லை என்பது இதிலிருந்து புரியும்.

இந்த விதி சிறிய பல்புக்கே சரியாகப் பொருந்தும். நீண்ட டியூப் வடிவ விளக்கோ அகன்ற பலகை விளக்கோ அருகில் இருக்கும்போது ஒளி இவ்வளவு வேகமாகக் குறையாது. ஒளியைக் குவிக்கும் பிரதிபலிப்பானோ லென்சோ உள்ள பல்பிலும் எண்கள் மாறும். ஆனாலும் விளக்கை ஒரு சாண் கீழே இறக்குவதால் கிடைக்கும் பயன், வேறு விளக்கு வாங்குவதால் கிடைக்கும் பயனைவிடப் பல நேரங்களில் அதிகம். எல்.இ.டி. விளக்குகள் இலையை நோக்கி வீசும் வெப்பம் பழைய குண்டு பல்பைவிட மிகக் குறைவு என்பதால் இப்படி நெருக்கமாக வைக்க முடிகிறது. இலைக்கு அருகே புறங்கையை வைத்துப் பாருங்கள். சூடு உறைத்தால் விளக்கைச் சற்று உயர்த்துங்கள்.

பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படிப்பது

வாட் என்பது விளக்கு எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்பதன் அளவு; எவ்வளவு ஒளி தருகிறது என்பதன் அளவு அல்ல. பழைய குண்டு பல்பு எடுத்த மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகவே போனது. '1000 வாட்' என்ற பெரிய எழுத்துகள் பல பெட்டிகளில் வேறொரு வகை விளக்குக்கு இது ஈடு என்ற உரிமைகோரலை மட்டுமே குறிக்கின்றன. பெட்டியின் ஓரத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் உண்மையான மின்நுகர்வைத் தேடிப் படியுங்கள். அதைவிடப் பயனுள்ளது, குறிப்பிட்ட தொலைவில் கிடைக்கும் பி.பி.எஃப்.டி. எண். அந்த எண்ணைத் தெளிவாக வெளியிடும் தயாரிப்பாளரை நம்பி வாங்கலாம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நல்ல எல்.இ.டி. விளக்கு, ஒரு வாட் மின்சாரத்துக்கு நொடிக்கு ஏறத்தாழ 2 மைக்ரோமோல் ஒளியைத் தரும். அப்படியானால் உண்மையிலேயே 20 வாட் எடுக்கும் விளக்கு 40 மைக்ரோமோல் தருகிறது. அதில் பாதி சுவரிலும் தரையிலும் சிதறிப் போனாலும், மீதி 20 மைக்ரோமோல் அரை மீட்டர் நீளமும் அரை மீட்டர் அகலமும் உள்ள ஒரு தட்டின் மேல் விழுந்தால், அந்தப் பரப்பு கால் சதுர மீட்டரே என்பதால் அங்கே பி.பி.எஃப்.டி. 80 இருக்கும். 12 மணி நேரத்தில் தினசரி ஒளித்தொகை சுமார் 3.5 மோல். அந்தத் தட்டில் நான்கைந்து நிழல் செடிகளைத் தாராளமாக வைக்கலாம். ஒரு நாளைக்கு ஆகும் மின்சாரம் 0.24 கிலோவாட் மணி.

ஊதாவுக்கு அப்பாற்பட்ட புற ஊதாக் கதிர்களை வீசும் கிருமிநாசினி விளக்கைச் செடி விளக்காகப் பயன்படுத்தவே கூடாது. அது செடியின் இலையையும் நம் கண்ணையும் தோலையும் ஒருங்கே கெடுக்கும்.

இரவும் வேண்டும்

மொத்தம்தான் கணக்கு என்றால் விளக்கை இருபத்துநான்கு மணி நேரமும் எரியவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். கள்ளி, கற்றாழை, ஜேட் போன்ற பல சதைப்பற்றுச் செடிகள், நீர் ஆவியாகிப் போகாமலிருக்கப் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து கரியமில வாயுவைச் சேமிக்கின்றன. அவற்றுக்கு இருள் ஒரு வேலை நேரம். வேறு சில செடிகள் இரவின் நீளத்தை அளந்துதான் பூக்கின்றன. பூப்பதைப் பகலின் நீளம் தீர்மானிக்கிறது என்பதை அமெரிக்க அறிவியலாளர்கள் கார்னரும் அலார்டும் 1920இல் புகையிலைச் செடிகளைக் கொண்டு காட்டினார்கள்; செடி உண்மையில் அளப்பது இரவின் நீளத்தைத்தான் என்பது பின்னர் தெரியவந்தது. கலாஞ்சோவும் பாயின்செட்டியாவும் நீண்ட, இடையறாத இரவுகள் தொடர்ந்து வந்தால்தான் மொட்டு விடும். அறை விளக்கு இரவு முழுவதும் அவற்றின் மேல் விழுந்தால், செடி செழிப்பாக இருந்தும் பூக்காது.

பொதுவாக 12 முதல் 14 மணி நேரம் நல்லது. சன்னல் வெளிச்சமே இல்லாத அறையில் 16 மணி வரை போகலாம். கையால் போட்டு அணைப்பதை நம்ப வேண்டாம். ஒரு டைமரை வைத்துவிடுங்கள். விளக்கோடு சேர்த்து வாங்க வேண்டிய ஒரே பொருள் என்று நான் சொல்வது இதைத்தான்.

எந்தச் செடிக்கு எவ்வளவு

பாம்புச்செடி, ஸீஸீ, மணி பிளான்ட், அக்லோனிமா போன்றவற்றுக்குத் தினசரி ஒளித்தொகை 2 முதல் 4 மோல் இருந்தால் தொடர்ந்து இலை விடும். மான்ஸ்டெரா, ரப்பர் செடி, ஆப்பிரிக்க வயலட், ஃபலெனாப்சிஸ் ஆர்க்கிட் ஆகியவை 4 முதல் 10 வரை கேட்கும். கள்ளிகளும் வெயிலில் பூக்கும் செடிகளும் 10 முதல் 20 மோல், சில அதற்கும் மேல் வேண்டுபவை. அவற்றுக்கு மேசை விளக்கு போதாது, வலுவான பலகை விளக்கு வேண்டும். இவை கறாரான எல்லைகள் அல்ல. சன்னல் வழியாக ஒளி வருமானால் அதுவும் இந்தத் தொகையில் சேரும்.

அளப்பதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. கைப்பேசியில் லக்ஸ் அளக்கும் செயலியை நிறுவி, ஒளியுணரி இலை இருக்கும் இடத்தில் விளக்கை நோக்கி இருக்கும்படி பிடித்து எண்ணைப் பாருங்கள். வெள்ளை எல்.இ.டி. என்றால் அந்த எண்ணை 70ஆலும், வெயில் என்றால் 54ஆலும் வகுத்தால் தோராயமான பி.பி.எஃப்.டி. கிடைக்கும். செயலி 7,000 லக்ஸ் காட்டினால் அது 100 மைக்ரோமோல். கைப்பேசிக்குக் கைப்பேசி எண் மாறும். எனினும் இந்த இடத்துக்கும் அந்த இடத்துக்கும் எத்தனை மடங்கு வேறுபாடு என்பதைத் தெரிந்துகொள்ள இது நன்றாக உதவும். ஊதா விளக்குக்கு மட்டும் இந்த முறை பயன்படாது. மனிதக் கண்ணைப் போலவே லக்ஸ் கணக்கும் பச்சை ஒளிக்கு முதன்மை தருவதால், எண் மிகக் குறைவாக வரும்.

விளக்கை மாட்டிய பின் செடியைக் கவனிப்பது

இருட்டில் பழகிய செடியை முதல் நாளே முழு ஒளியில் நிறுத்தாதீர்கள். 6 மணி நேரத்தில் தொடங்கி இரண்டு வாரங்களில் மெல்லக் கூட்டுங்கள். மண் முன்பைவிட விரைவாகக் காயும். நீரூற்றும் இடைவெளியைப் பழைய வழக்கப்படி வைக்காமல், விரலை மண்ணில் நுழைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். உரத்தின் தேவையும் இப்போதுதான் உண்மையாகத் தொடங்குகிறது.

அடுத்து வரும் இலைகளே விளக்கு போதுமா என்பதைச் சொல்லும். ஒரு மணி பிளான்ட் கொடியைக் கையில் எடுத்து, அடுத்தடுத்த இரண்டு இலைகள் புறப்படும் கணுக்களுக்கு இடையிலான நீளத்தைப் பாருங்கள். ஒளி குறைந்த காலத்தில் வளர்ந்த பகுதியில் இந்த இடைவெளி நீண்டு, தண்டு மெலிந்து, இலை சிறுத்திருக்கும்; செடி ஒளியைத் தேடி நீண்டதன் அடையாளம் அது. விளக்கின் கீழ் வளர்ந்த பகுதியில் கணுக்கள் நெருங்கி, இலை அகன்று, தண்டு தடித்திருந்தால் ஒளி போதும். இடைவெளி குறையவே இல்லை என்றால் விளக்கைத் தாழ்த்துங்கள், அல்லது இரண்டு மணி நேரம் கூட்டுங்கள். மாறாக, விளக்குக்கு அருகில் உள்ள இலைகள் மட்டும் வெளுத்தோ செம்மை படர்ந்தோ ஓரம் சுருண்டோ போனால் ஒளி மிகுந்துவிட்டது, சற்று உயர்த்துங்கள். செடி ஒரு பக்கமாகச் சாய்ந்தால் விளக்கை நேர் மேலே மாற்றுங்கள், அல்லது தொட்டியை வாரம் ஒருமுறை திருப்பி வையுங்கள்.

முன்பே நீண்டுபோன தண்டு எத்தனை நல்ல ஒளி கொடுத்தாலும் குறுகாது. அதை ஒரு கணுவுக்கு மேலாக வெட்டிவிடுங்கள். அந்தக் கணுவிலிருந்து புதுத்தளிர் வரும். வெட்டிய துண்டில் ஒரு கணுவாவது நீருக்குள் இருக்கும்படி ஒரு குவளையில் வைத்து, குவளையை அதே விளக்கின் கீழ் ஓரமாக நிறுத்துங்கள். வேர் விரலளவு நீண்டதும் அதே தொட்டியில் தாய்ச்செடியின் பக்கத்திலேயே நட்டுவிடலாம்.